ரெக்கோர்டிங் இருக்குத்தானே?



இந்தக் கிழமை எபிசோடில் லெக்சர் ரெக்கோர்டிங், நோட்ஸ் எடுக்கிற அப்கள், ஏஐ சுருக்கங்கள் பற்றிக் கதைச்சோம். நேரம் போதவில்லை. மைக்கை நிறுத்தின பிறகுதான் முக்கியமான விசயத்தைச் சொல்லாமல் விட்டுட்டேன் என்று விளங்கினது. அதை இங்கே எழுதுறன். கொஞ்சம் நீளம். ட்ரெயினில் வாசியுங்கோ.

முதலில் என்ட கதை. யூனியில் இரண்டாம் வருசம். கிரான்பர்ன் ஸ்டேஷனில் ட்ரெயின் ஏறி, டண்டினோங் தாண்டி, பிறகு இறங்கி பஸ் பிடிக்க வேணும். போகவர இரண்டரை மணித்தியாலம். அதுவும் சில நாட்களில் ஒரேயொரு லெக்சருக்காக. பின்னேரம் ஃபவுண்டன் கேட்டில் வேலை. ஒரு நாள் காலை நான் எழும்பாமல் கிடக்க, அம்மா கதவடியில் வந்து நின்று கேட்டா:

"இண்டைக்கு யூனி இல்லையே?"

"ரெக்கோர்டிங் இருக்குத்தானே அம்மா."

அந்த ஒரு வசனத்தை அந்த செமஸ்டர் முழுக்கச் சொன்னேன். பன்னிரண்டாம் கிழமை வந்தபோது ஒரு பாடத்தில் மட்டும் நான் பார்க்காத ரெக்கோர்டிங் பத்தொன்பது. ஸ்வொட்வக் கிழமையில் இரட்டை வேகத்தில் போட்டு மூன்று இரவில் எல்லாத்தையும் பார்த்து முடிச்சேன். முடிச்சதும் ஒரு பெரிய நிம்மதி. எல்லாம் தலைக்குள் இருக்கிற மாதிரி ஒரு உணர்வு.

சோதனையில் ஒரு கேள்வி வந்தது. அதைப் பற்றி விரிவுரையாளர் ஆறு நிமிடம் விளக்கினது ஞாபகம் இருந்தது. "இந்த இடத்தில்தான் எல்லாரும் பிழை விடுறது, இங்க பாருங்கோ" என்ற மாதிரி அவர் சொன்னதும் ஞாபகம். ஆனால் அவர் அதை வெண்பலகையில் கீறிக் காட்டியிருந்தார். ரெக்கோர்டிங்கில் தெரிந்தது ஆறு நிமிடமும் அசையாமல் நின்ற ஒரு ஸ்லைட் மட்டும்தான். பலகை பதிவாகவே இல்லை.

அந்தப் பாடத்தில் ஃபெயில். திரும்ப எடுத்தேன். அதுக்கான காசும் ஹெக்ஸ் கடனில் சேர்ந்தது. பிழை ரெக்கோர்டிங்கில் இல்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாமல் நம்பினது என்ட பிழை.

மெஷின் எதைப் பிடிக்கும், எதை விடும்

பெரும்பாலான விரிவுரை மண்டபங்களில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுக்குள் இரண்டு முக்கிய விசயம் போகும். ஒன்று, விரிவுரையாளரின் மைக்கில் இருந்து வரும் சத்தம். மற்றது, புரொஜெக்டருக்குப் போகிற அதே படம். சில மண்டபங்களில் மூன்றாவதாக ஒரு கமெராவும் இருக்கும். டைம்டேபிளைப் பார்த்து, உரிய நேரத்தில் பெட்டி தானாகவே தொடங்கும், தானாகவே நிற்கும். பிறகு சேர்வருக்கு ஏறி, உங்கட மூடிலிலோ கான்வாஸிலோ ஒரு இணைப்பாக வந்து நிற்கும்.

இதில் இருந்தே எதெல்லாம் விடுபடும் என்று சொல்லலாம். கமெரா இல்லாத மண்டபத்தில் வெண்பலகை விடுபடும். லேசர் புள்ளி சுவரில்தான் விழுகிறது, புரொஜெக்டருக்குப் போகிற படத்தில் அது இல்லை. ஆகவே "இந்தக் கோட்டைப் பாருங்கோ" என்ற சத்தம் மட்டும் இருக்கும், எந்தக் கோடு என்று தெரியாது. பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்ட கேள்வி கேட்காது, பதில் மட்டும் கேட்கும். லெக்சர் முடிந்து, மேசையடியில் நாலு பேர் நின்று கேட்கிற சந்தேகங்கள் பதிவு நின்ற பிறகுதான் நடக்கும்.

இந்தத் தொழில்நுட்பத்தில் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு சொந்தப் பங்கு இருக்கு என்று பலருக்குத் தெரியாது. பேர்த்தில் உள்ள மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஐலெக்சர் என்று ஒரு முறையை உருவாக்கினது. பிறகு அதுக்கு லெக்டோப்பியா என்று பெயர் வந்து, நாட்டின் பல யூனிகளுக்கும் பரவினது. கடைசியில் அது எக்கோ360 என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. எக்கோ360 என்ற பெயரை உங்களில் கனபேர் உங்கட யூனி தளத்திலேயே பார்த்திருப்பீங்கள்.

2008இல் மக்வாரி, மேர்டொக், நியூகாசல், ஃபிளிண்டர்ஸ் ஆகிய நாலு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு செய்தன. மாணவர்களுக்கு ரெக்கோர்டிங் நல்லாப் பிடிச்சிருந்தது. விரிவுரையாளர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. பதினைந்து வருசத்துக்கு மேல் போயும் அந்த இழுபறி முடியவில்லை. 2020இல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் இருத்தினது. அதுக்குப் பிறகு பல மண்டபங்கள் முந்தின மாதிரி நிரம்புவதில்லை. இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2026இல் தொடங்கவிருந்த அடிலெய்ட் யூனிவர்சிட்டி, வழக்கமான நேரடி லெக்சர்களுக்குப் பதிலாக டிஜிட்டல் பாடங்களை வைக்கப் போவதாக 2024இல் செய்தி வந்தது. அதாவது, "போகவா, வீட்டில் இருந்து பார்க்கவா" என்ற கேள்வியே உங்கட தம்பி தங்கச்சிக்கு இல்லாமல் போகலாம். அப்போது நோட்ஸ் எடுக்கத் தெரிவது இன்னும் முக்கியமாகும்.

சொன்னது வேறு, விளங்கினது வேறு

ரெக்கோர்டிங் பிடிப்பது விரிவுரையாளர் சொன்னதை. நோட்ஸ் பிடிப்பது உங்களுக்கு விளங்கினதை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

காரணம் வேகம். ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது நிமிடத்துக்கு 120 முதல் 150 ஆங்கிலச் சொற்கள் வரும். கையால் எழுதும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு எழுதினாலே பெரிய விசயம். அப்போ கட்டாயம் தெரிவு செய்ய வேணும். எதை எழுத, எதை விட, இரண்டு வசனத்தை எப்படி ஒரு சொல்லாக்க? அந்தத் தெரிவு நடக்கிற ஒவ்வொரு தரமும் மூளை அந்த விசயத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்குது. மெஷினுக்கு அந்த நெருக்கடி இல்லை. அது எல்லாத்தையும் பிடிக்கும். ஆகவே அது எதையும் தெரிவு செய்யாது.

2014இல் முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு டெட் பேச்சுக்களைப் போட்டுக் காட்டி, பாதிப் பேரை லப்டொப்பிலும் பாதிப் பேரைக் கையாலும் நோட்ஸ் எடுக்க விட்டார்கள். லப்டொப் ஆட்கள் கூடச் சொற்கள் எழுதினார்கள், சொன்னதை அப்படியே எழுதினார்கள். ஆனால் கருத்தை விளங்கிக்கொள்ள வேண்டிய கேள்விகளில் கையால் எழுதினவர்கள் மேல் என்று முடிவு வந்தது. இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவினது. "லப்டொப்பை மூடுங்கோ" என்று சொல்கிற விரிவுரையாளர்கள் பலர் இதைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019இலும் 2021இலும் வேறு ஆய்வாளர்கள் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது மார்க்ஸில் அந்த வித்தியாசம் தெளிவாக வரவில்லை. லப்டொப்பில் சொல்லுக்குச் சொல் எழுதுகிற பழக்கம் மட்டும் திரும்பவும் தெரிந்தது. ஆகவே பேனா புனிதம், கீபோர்ட் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். லப்டொப்பிலும் தெரிவு செய்து எழுதலாம். கையாலும் யோசிக்காமல் கொப்பி அடிக்கலாம்.

இரட்டை வேகத்தையும் நான் குறை சொல்ல ஏலாது. கலிஃபோர்னியாவில் யூசிஎல்ஏ ஆய்வாளர்கள் 2021இல் பார்த்ததில், இரட்டை வேகம் வரைக்கும் விளக்கம் பெரிதாகக் குறையவில்லை. அதுக்கு மேல் போனால்தான் குறைந்தது. அப்போ என்ட பிரச்சினை வேகம் இல்லை. நான் பத்தொன்பது லெக்சரை ஒரே மூச்சில் பார்த்தேன், எதையும் எழுதவில்லை, எதையும் என்னையே கேட்டுப் பார்க்கவில்லை.

இதுக்கும் ஒரு பெயர்போன பரிசோதனை இருக்கு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பப் படிச்சார்கள். சிலர் அதை மூடி வைத்துவிட்டு, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படிச்சவர்கள் மேல். ஒரு கிழமைக்குப் பிறகு சோதித்தால், மூடி வைத்து எழுதினவர்கள் மேல். அந்த மூன்று இரவும் எனக்கு வந்த நிம்மதி, அந்த ஐந்து நிமிட நிம்மதிதான்.

இரண்டையும் கட்டுகிற ஒரு நூல்

அப்போ ரெக்கோர்டிங் வேண்டாமா? வேணும். ஆனால் இரண்டையும் ஒன்றோடு ஒன்று கட்ட வேணும். இந்த யோசனை முப்பது வருசம் பழசு.

1990களின் நடுவில் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக்கில் கிரெகரி அபவுட் என்ற பேராசிரியரின் குழு 'கிளாஸ்ரூம் 2000' என்று ஒரு திட்டம் தொடங்கினது. மின்பலகையில் ஆசிரியர் எழுதுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் நேர முத்திரை. சத்தமும் அதே நேரக் கணக்கில் பதிவாகும். பிறகு மாணவர் ஒரு கோட்டைத் தொட்டால், அந்தக் கோடு கீறப்பட்டபோது சொன்ன வார்த்தைகள் கேட்கும். பிற்காலத்தில் லைவ்ஸ்கிரைப் பேனா இதையே காகிதத்தில் செய்தது. இப்போ நோட்டபிலிட்டி, வன்நோட் மாதிரியான அப்களில் ஓடியோவையும் எழுத்தையும் இப்படிச் சேர்க்கலாம்.

இதோட பலன் என்ன? நீங்கள் எல்லாத்தையும் எழுதத் தேவையில்லை. விளங்காத இடத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டால் போதும். வீட்டுக்கு வந்து அந்தக் குறியைத் தொட்டு, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கேட்கலாம். ஒரு மணித்தியால ரெக்கோர்டிங் பத்து நிமிட வேலையாகும். அப் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கொப்பியின் ஓரத்தில் "10.25 ?" என்று நேரத்தை எழுதிவிடுங்கோ. அதே வேலைதான்.

ஒரு எச்சரிக்கை: யூனியின் பதிவு வேறு, உங்கட போனில் நீங்களே பதிவது வேறு. போனில் பதிய முதல் உங்கட யூனியின் விதியைப் பாருங்கோ, விரிவுரையாளரிடம் கேளுங்கோ. டியூட்டில் கட்டாயம் கேட்க வேணும், அங்கே மற்ற மாணவர்களின் குரலும் விழும். பதிந்ததை வெளியே பகிர்வது இன்னும் பெரிய பிரச்சினை.

ஏஐ எழுதித் தந்தால்?

எபிசோடில் சொன்ன மாதிரி, இப்போ லெக்சரை எழுத்தாக்கி, சுருக்கி, கேள்வி பதிலாகவும் தருகிற அப்கள் வந்துட்டுது. பேச்சை எழுத்தாக்குவது உண்மையிலேயே நல்லா முன்னேறியிருக்கு. ஆனாலும் மெஷின் சில நேரம் பேசாததையும் எழுதும். ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற மென்பொருளை ஆராய்ந்து 2024இல் வந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பதிவில் யாரும் சொல்லாத முழுச் சொற்றொடர்கள் இருந்தன. நூற்றுக்கு ஒன்று சின்னது போல இருக்கும். ஆனால் அது எந்த ஒன்று என்று, லெக்சரைக் கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும். துறைச் சொற்களிலும், இங்கிலீஷ் உச்சரிப்பு வேறுமாதிரி இருக்கிற விரிவுரையாளர்களிடமும் பிழை கூடலாம். எங்கட மாமா மாமிமாரின் இங்கிலீஷை போன் எப்படி எழுதும் என்று நீங்களே பார்த்திருப்பீங்கள்.

பிழையே இல்லாவிட்டாலும் ஒரு இழப்பு இருக்கு. சுருக்குகிற வேலைதான் படிக்கிற வேலை. அதை அப்புக்குக் கொடுத்தால் படிப்பதும் அந்த அப்தான்.

இது யாருக்கு உயிர்

இதை எழுதும்போது ஒரு பயம். "ரெக்கோர்டிங் சோம்பேறிகளுக்கு" என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. காது குறைவாகக் கேட்பவருக்கு வரித்தலைப்புடன் உள்ள பதிவுதான் வகுப்பு. கை வேகமாக எழுத முடியாதவர்கள், கவனம் நிறுத்துவது கஷ்டமானவர்கள், இரவு வேலை செய்து படிக்கிற தாய்மார், இங்கிலீஷ் இரண்டாம் மொழியாக வந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் நிறுத்தித் திரும்பக் கேட்பது ஒரு வசதி இல்லை, தேவை. இந்த நாட்டில் 1992ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டமும், 2005இன் கல்வித் தரநிலைகளும் நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேணும் என்று யூனிகளுக்குச் சொல்லுது. உங்களுக்குத் தேவை இருந்தால் யூனியின் மாற்றுத்திறனாளிகள் சேவையிடம் வெட்கப்படாமல் கேளுங்கோ. நோட்ஸ் எடுத்துத் தரும் உதவிகூடக் கேட்கலாம்.

வகுப்புக்குள் வரவே முடியாதவர்களுக்கும் பதிவு கதவைத் திறக்குது. இந்தியாவில் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கின என்பிடெல் திட்டத்தில் ஆயிரக்கணக்கான மணித்தியால பொறியியல், அறிவியல் விரிவுரைகள் யூடியூபில் இலவசமாக இருக்கு. சென்னை ஐஐடி அதை ஒருங்கிணைக்குது. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. கிளிநொச்சியில் இருக்கிற மச்சான் அதைப் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம். உங்கட யூனி ரெக்கோர்டிங் அப்படி இல்லை. படிப்பு முடிந்து உங்கட லொகின் மூடினால் அதுவும் போகும். உங்கட கொப்பி போகாது.

அம்மாவின் கொப்பி

ஃபெயில் ஆன கதையை அம்மாவிடம் சொல்ல இரண்டு கிழமை எடுத்தது. ஏசுவா என்று நினைச்சேன். ஏசவில்லை. தன்ட கொப்பிக் கதையைச் சொன்னா.

அம்மா யாழ்ப்பாணத்தில் ஏஎல் படிச்ச காலம். 1990இல் இருந்து அங்கே கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு. ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிட்டு வைத்து டைனமோவைச் சுத்துவார்கள். ரியூசனில் சேர் சொல்லச் சொல்ல எழுத வேணும். வராத பிள்ளைக்குக் கொப்பியைக் கொடுத்தால், அவள் விடிய முதல் எழுதி முடிச்சுத் திருப்பித் தர வேணும்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அம்மாவும் நடந்தா. கொப்பி ஒன்றும் எடுக்கவில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும்போது, கூடப் படிச்ச இரண்டு பேரைக் கண்டாவாம். மூன்று பேரும் மரத்தடியில் இருந்து, கிடைச்ச தாளில் உயிரியல் நோட்ஸைத் திரும்ப எழுதத் தொடங்கினார்களாம். ஒருத்திக்குத் தலைப்புகள் ஞாபகம். ஒருத்திக்குப் படங்கள். அம்மாவுக்கு சேர் சொன்ன உதாரணங்கள்.

"முழுக்க வந்ததே?" என்று கேட்டேன்.

"முழுக்க எப்பிடி வரும்? ஆனா முக்கால்வாசி வந்தது. எங்கட கையால எழுதினதுதானே." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டா: "உன்ட ரெக்கோர்டிங் எல்லாம் இண்டைக்கு அழிஞ்சா, உனக்கு எவ்வளவு வரும்?"

எனக்குப் பதில் இல்லை.

அடுத்த செமஸ்டரில் நான் செய்தது

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அம்மாவே அப்படிச் சொல்ல மாட்டா. ஒரு ரெக்கோர்டிங்குக்கு அவ என்ன விலையும் கொடுத்திருப்பா. ஆனால் அவ கேட்ட கேள்வியை வைத்துத்தான் பிறகு படிச்சேன்.

ஒன்று: லெக்சருக்குப் போன நாளில், தெரிவு செய்து மட்டும் எழுதுவேன். பலகையில் கீறினால் கட்டாயம் கீறுவேன், ஏனென்றால் அதை மெஷின் விடலாம். விளங்காத இடத்தில் நேரமும் கேள்விக்குறியும்.

இரண்டு: போக முடியாத நாளில், அதே கிழமைக்குள் பார்ப்பேன். போன் தள்ளி, கொப்பி முன்னுக்கு. மண்டபத்தில் இருக்கிற மாதிரி.

மூன்று: திரும்பி வரும் ட்ரெயினில், கொப்பியை மூடி வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன நடந்தது என்று ஐந்து வரி போனில் எழுதுவேன். டண்டினோங் வர முதல் முடிக்க வேணும். வராத இடம்தான் படிக்க வேண்டிய இடம்.

நாலு: இரவு கேள்விக்குறி இடங்களை மட்டும் ரெக்கோர்டிங்கில் கேட்பேன்.

ஐந்து: ஏஐயிடம் சுருக்கம் கேட்க மாட்டேன். என்ட நோட்ஸைக் கொடுத்து, "இதில் இருந்து என்னைக் கேள்வி கேள்" என்பேன். பதில் சரியா என்று கொப்பியையும் புத்தகத்தையும் பார்ப்பேன்.

அந்தப் பாடம் இரண்டாம் தரம் பாஸ். பெரிய மார்க்ஸ் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தை இப்போதும் பார்க்காமல் கீறுவேன்.

இந்தக் கிழமை உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கடைசியாகப் பார்த்த லெக்சரை நினைச்சு, எதையும் திறக்காமல் ஐந்து வரி எழுதுங்கோ. எத்தனை வரி வந்தது என்று இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. ஒரு வரிதான் வந்தது என்றாலும் வெட்கம் இல்லை, பத்தொன்பது ரெக்கோர்டிங்கைப் பார்த்து முடிச்ச எனக்கு ஒன்றும் வரவில்லை. அம்மாவோ அப்பாவோ கிட்ட இருந்தால், அவர்கள் எப்படி நோட்ஸ் எழுதினார்கள் என்றும் கேட்டுப் பாருங்கோ. வருகிற கதைகளை, உங்கட சம்மதத்தோடு, அடுத்த எபிசோடில் வாசிப்போம்.

அடுத்த கிழமை சந்திப்போம்.